இருபதாம் வெள்ளை

அன்று தீர்ப்பறையில் இருந்தவர்கள்:

கோதண்டம். வெண்மைச் சபையின் தலைவர். முன்பு ரயில் ஓட்டியவர். சிக்னல் நிறத்தில் ஒருமுறைகூடப் பிசகாதவர் என்பதால் சபைக்கு எடுத்தார்கள்.

வடமலை. பார்வையாளர். ஓசூர் ரோஜாச் சந்தையில் பூவைத் தரம் பிரித்தவர்.

ரேணுகா. பார்வையாளர். பல் மருத்துவமனையில் செயற்கைப் பல்லுக்கு நிறம் பொருத்துபவர்.

ஜெசிந்தா. புதிய பார்வையாளர். முதல் நாள்.

மெஹருன்னிசா. ஒளிர்பூச்சுப் பொறியாளர். பேசலாம், வாக்கு கிடையாது.

விளக்குகள் இரண்டு. பத்தொன்பதாம் மாதிரி, இருபதாம் மாதிரி.

விளக்குகள் அடுத்தடுத்த பெட்டிகளில் எரிந்தன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு வெறும் தாள் இருந்தது. பார்வையாளர்கள் விளக்கைப் பார்க்கக் கூடாது, தாளைத்தான் பார்க்க வேண்டும். கேள்விகள் இரண்டே. இரண்டு தாளுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? புதிய விளக்கின் தாள் வெள்ளையாக இருக்கிறதா? முதல் கேள்விக்கு இல்லை என்றும் இரண்டாவதற்கு ஆம் என்றும் நான்கு பேரும் சொன்னால் நாடு முழுக்க விளக்கு மாறும். அப்படித்தான் இதுவரை பத்தொன்பது முறை மாறியிருக்கிறது.

தனித்து நிற்பவருக்கு ஒரு விதி உண்டு. முதல் நாளிலேயே மற்ற மூவரோடும் ஒத்துப்போகாத பார்வையாளர் சபையில் நீடிக்க முடியாது. ஜெசிந்தாவுக்கு அது தெரியும். காலையில் வண்டியில் வரும்போதே படித்துக் காட்டிவிட்டார்கள்.

அவள் ஒன்பது வருடம் மன்னார் வளைகுடாவில், கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளிலேயே தங்கி வேலை பார்த்தவள். விடிந்தால் வெயில், இருட்டினால் தூக்கம், விளக்கு வெளிச்சத்தில் இருந்ததே குறைவு. இறக்கையில் முடி அளவு விரிசல் விழுந்தாலும் கீழே நின்றே கண்டுபிடித்துவிடுவாள். அந்தக் கண்ணுக்காகத்தான் சபை அவளைக் கேட்டது. அவள் ஒப்புக்கொண்டது தோலுக்காக. கைகளிலும் கழுத்திலும் வெயில் தின்ற புள்ளிகள் இருந்தன. இன்னொரு வருடம் அதே வெயிலில் நின்றால் புள்ளிகள் புண்ணாகும், அதன்பிறகு தன்னால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இந்த வேலை கூரைக்கு அடியில். இது போனால் திரும்பவும் கடல்தான்.

"வித்தியாசம் தெரியுதாங்க?" என்றார் கோதண்டம்.

"இல்ல" என்றார் வடமலை.

"இல்ல சார்" என்றாள் ரேணுகா.

ஜெசிந்தா இரண்டு தாளையும் குனிந்து பார்த்தாள். "இல்ல சார். ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

இரண்டாவது கேள்வி சடங்குக்குத்தான். அதற்குள் வடமலை செருப்பை மாட்டத் தொடங்கிவிட்டார்.

"வெள்ளையா இருக்குங்களா?"

"வெள்ளை."

"வெள்ளை சார்."

"பச்சை சார்" என்றாள் ஜெசிந்தா.

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "சோதிக்கியளா சார்? புது ஆளு முழிச்சிக்கிட்டு இருக்காளான்னு? ரெண்டு தாளும் பாசிப் பச்சையால்லா இருக்கு."

வடமலை ஒரு செருப்போடு நின்றார். "ஏம்மா, கடல்ல இருந்து வந்த மயக்கம் இன்னும் தெளியலையா?"

அவள் சிரிப்பு நின்றது. ஊருக்குள் நுழைந்ததிலிருந்தே எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. வண்டிக் கண்ணாடி, கூரை போட்ட தெரு, கடைப் பலகை, ஆட்களின் பல். புது ஊர், ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டாள். இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. யாரும் அவளைச் சோதிக்கவில்லை. அவள் தனித்து நிற்கிறாள்.

"தப்பு என்னோடது சார்" என்றாள் மெஹருன்னிசா. "பத்தொன்பதாம் மாதிரியில ஒரு வருஷம் வாழ்ந்த கண்ணுதான் தீர்ப்பு சொல்லணும். பழைய பார்வையாளருக்குக் கண்புரை வந்ததால அவசரத்துல இவங்களைக் கூட்டிட்டு வந்துட்டோம். பழக்கொளி அறையில உட்கார வெச்சா சரியாயிடும்."

இந்த விதியைத்தான் சபை பெருமையாக நினைத்திருந்தது. விளக்குக்குப் பழகாத கண், இல்லாத குறையெல்லாம் பார்க்கும். அதனால் சென்ற மாதிரி விளக்கை வீட்டில் மாட்டி, அதன் கீழே சாப்பிட்டு, சண்டை போட்டு, பிள்ளை வளர்த்த ஒருவர்தான் புதிய மாதிரியைப் பார்க்கலாம். பழக்கொளி அறையைப் பிற்பாடுதான் கட்டினார்கள். அங்கே நாட்டில் எரியும் விளக்கின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிக்கும். கண் ஒரு வருடத்தில் பழகுவதை அங்கே மூன்று மணி நேரத்தில் பழகிவிடும். எதிர்ப்பக்கம் வெயிலறை இருந்தது. கூரை வெறும் கண்ணாடி. அதன்கீழே அதேபோலத் துடிக்கும் திரை. சூரிய ஒளிக்குக் கண்ணைப் பழக்கும் அறை அது. கட்டியதிலிருந்து யாரும் அதற்குள் போனதில்லை.

"விதிப்படி செய்வோம்" என்றார் கோதண்டம். "தகராறு வந்தா ரெண்டு தரப்பும் கண்ணை மாத்திக்கிட்டு வந்து மறுபடி பார்க்கணும். அவங்க பழக்கொளியில, நாம வெயில்ல."

"நாம எதுக்கு சார்? அவங்க ஒருத்தர் உட்கார்ந்தா போதாதா?" என்றாள் ரேணுகா.

"ஒருத்தரை மட்டும் உட்கார வெச்சா அது தண்டனைம்மா. ரெண்டு பேரும் உட்கார்ந்தாத்தான் விசாரணை."

நியாயமான மனிதர். அன்று நடந்ததற்கெல்லாம் அந்த நியாயம்தான் காரணம்.

ஜெசிந்தா பழக்கொளி அறைக்குள் போனாள். நாற்காலி, தண்ணீர், பச்சைச் சுவர். "தூங்கினா பழகாது, முழிச்சிருங்க" என்று சொல்லி மெஹருன்னிசா கதவைச் சாத்தினாள். மற்ற மூவரும் சாப்பாட்டுத் தூக்கோடு வெயிலறைக்குப் போனார்கள்.

உள்ளே எல்லாம் அவர்கள் கண்ணுக்கு ரோஜா நிறமாக இருந்தது. அதில் அவர்களுக்கு ஆச்சரியமில்லை. வெயில் நிறம் கெட்டுப் பல காலம் ஆகிறது. காற்றில் தூசி கூடிவிட்டது என்று பள்ளிப் புத்தகமே காரணம் சொல்கிறது. குழந்தைகள் சூரியனை ரோஜா நிறத்தில்தான் வரைகிறார்கள். சன்னலிலும் தெருக்கூரையிலும் ஒட்டிய குளிர்படலம் அந்தக் கெட்ட நிறத்தையும் வெப்பத்தையும் வடிகட்டி, விளக்குக்கு ஒத்த வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். வெட்டவெளியில் போகிறவர்கள் அதே படலத்தில் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். கடலில் ஜெசிந்தா மாதிரி ஆட்கள் போட மாட்டார்கள். போட்டால் விரிசல் தெரியாது.

முதல் ஒரு மணி நேரம் வடமலை அரசியல் பேசினார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். ரேணுகா தூக்கைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே இருந்தாள்.

"என்னாச்சும்மா?"

"தக்காளி சாதம்ண்ணே. கெட்டுப்போச்சு போலிருக்கு. எப்படி இருக்கு பாருங்க."

வடமலை எட்டிப் பார்த்தார். கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். மென்றார். "நல்லாத்தான் இருக்கு." இன்னொரு வாய் எடுத்தார். "நல்லாவே இருக்கு. ஆனா இந்தக் கலரு..." அவருக்கு வார்த்தை வரவில்லை. அது சிவப்பு. அந்த வார்த்தை தெரியாதவர் அல்ல. ஆனால் கடந்த பத்து வருடமாக அதைக் கறுப்புக்குப் பக்கத்தில் உள்ள ஒன்றுக்குத்தான் சொல்லி வந்திருக்கிறார். தக்காளி கறுத்தால் பழம், வெளுத்தால் காய். சந்தையில் ரோஜாவைக்கூட இப்போது மணத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

மூன்றாம் மணி நேரத்தில் ரேணுகா தன் புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாம்பல் கலர்னு சொல்லித்தான் குடுத்தான் சார். கடைக்காரன் சத்தியமே பண்ணான்."

"சாம்பல் இல்லையா?"

"நீங்களே பாருங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கேன். இதைக் கட்டிக்கிட்டா எங்க மாமனார் எட்டாம் நாள் காரியத்துக்குப் போனேன்?"

வடமலை சிரித்துச் சிரித்து விக்கினார். கோதண்டம் சிரிக்கவில்லை. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறை இப்போது ரோஜா நிறமாக இல்லை. எந்த நிறமாகவும் இல்லை. சுவர், தாள், தும்பைப்பூ மாதிரி அவருடைய வேட்டி, எல்லாம் வெறுமனே வெளிச்சத்தில் இருந்தன.

மெஹருன்னிசா வந்து கதவைத் திறந்தாள். வெளியே கூடம் முழுக்கப் பச்சையாக இருந்தது.

"மெஹரும்மா" என்றார் வடமலை. "உடம்புக்கு என்ன? குளத்துல ஊறப்போட்ட மாதிரி இருக்கியே."

"எனக்கு ஒண்ணும் இல்லைங்கண்ணே. உங்களுக்குத்தான் பழகிருச்சு."

ஜெசிந்தா ஏற்கெனவே தீர்ப்பறையில் இருந்தாள். மூவரும் வந்து தாள்களைப் பார்த்தார்கள். நெடுநேரம் பார்க்க அவசியம் இருக்கவில்லை.

"பச்சை" என்றார் வடமலை.

"பச்சை சார்" என்றாள் ரேணுகா. "பல்லுல இந்தக் கலர் இருந்தா நான் நோயாளியைத் திருப்பி அனுப்பிடுவேன்."

"பச்சை" என்றார் கோதண்டம்.

எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் தாளைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். மூவரும் பச்சை என்கிறார்கள். அவளும் பச்சை என்றால் வேலை மிஞ்சும். ஆனால் விரிசல் இல்லாத இடத்தில் விரிசல் இருக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"வெள்ளை சார்" என்றாள். "நல்ல வெள்ளை. காலையில எப்படி அப்படிச் சொன்னேன்னு தெரியல. காலையிலயும் நான் தனி, இப்பவும் நான் தனி. கடலுக்கே அனுப்பிருவியளா?"

கோதண்டம் பொறியாளர் பக்கம் திரும்பினார். "மெஹரு, பழைய மாதிரி எல்லாம் வெச்சிருக்கியா?"

இருந்தன. ஒரு அடுக்கில் இருபது விளக்கு. அவள் வரிசையாக எரியவிட்டாள். முதல் விளக்கு மூவருக்கும் வெள்ளையாகத் தெரிந்தது, வெயிலறை மாதிரி. இருபதாவது பச்சை. நடுவில் எங்கே மாறியது என்று தேடினார்கள். ஒன்றையும் இரண்டையும் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. இரண்டையும் மூன்றையும் பார்த்தார்கள். இல்லை. வடமலை மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தார். எந்த இரண்டு அண்டை விளக்குக்கும் வித்தியாசம் இல்லை.

"எந்த வருஷம் எங்களை ஏமாத்துனீங்க, அதைச் சொல்லு" என்றார் வடமலை.

"ஏமாத்தல அண்ணே. ஒவ்வொரு வருஷமும் வித்தியாசம் இருக்கான்னு கேட்டோம். நீங்க இல்லன்னீங்க. உண்மையைத்தான் சொன்னீங்க."

அவள் விளக்கினாள். விளக்குக்குள் இருக்கும் ஒளிச்சில்லு கக்குவது நீல ஒளி மட்டும். அதன்மேல் பூசிய ஒளிர்பூச்சு அந்த நீலத்தில் பாதியை விழுங்கி மஞ்சளாகவும் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பிக் கொடுக்கும். எல்லாம் கலந்து வெள்ளை. ஆரம்பத்தில் பூச்சின் துகளைச் சீராக்கினார்கள், உள்ளேயே சிதறித் திரும்பும் ஒளியைக் குறைத்தார்கள், சூட்டில் வீணாவதைத் தடுத்தார்கள். ஆறாம் மாதிரியோடு அந்த வழிகள் தீர்ந்துவிட்டன. ஆனால் அதே மின்சாரத்தில் இன்னும் அதிக வெளிச்சம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே வழி. மனிதக் கண்ணுக்குப் பச்சை மலிவு, சிவப்பும் நீலமும் செலவு. சிவப்பில் ஒரு துளியை எடுத்துப் பச்சையில் சேர்த்தால் மின்சாரம் மிச்சம். ஒரு துளிதான். பார்வையாளர் கண்டுபிடித்தால் திருப்பி வைத்துவிடலாம்.

"யாரும் கண்டுபிடிக்கல" என்றாள். "நானும் கண்டுபிடிக்கல. நானும் இதே விளக்குல தானே இருக்கேன். எனக்கு இப்பவும் இது வெள்ளைதான்."

"அளக்குற கருவி இருக்குமே?" என்றார் கோதண்டம்.

"இருக்கு. வெள்ளைன்னா எதுன்னு கருவிக்கு யார் சொல்றது? சபைதான். வருஷா வருஷம் உங்க தீர்ப்பை வெச்சுத்தான் அதைத் திருத்துறோம்."

ரேணுகா நாற்காலியில் உட்கார்ந்தாள். "இருபத்தொண்ணு எப்படி இருக்கும்?"

"இருபத்தொண்ணு கிடையாது. கண்ணு அதிகம் பார்க்கக்கூடிய பச்சையோட உச்சிக்கு வந்துட்டோம். இதுக்கு மேல மிச்சம் பிடிக்க எதுவும் இல்ல. வேலை முடிஞ்சுது." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. அவள் இருபத்தைந்து வயதில் சேர்ந்த வேலை அது.

"திரும்பப் போகலாமே" என்றார் வடமலை. "முதல் விளக்குக்கு. ரோஜாவை ஒருதரம் பார்க்கணும்மா. செடியில இருக்கிறப்போ."

"போகலாம். அதுக்குக் கடல்ல இப்ப இருக்கிற காத்தாலை மாதிரி இன்னொரு பங்கு நடணும். ஆள் வேணும்."

யாரும் ஜெசிந்தா பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். முடியவில்லை. அவள் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்தப் புள்ளிகள் அவர்களுக்கு இப்போது புதிதாகத் தெரிந்தன. காலையில் பார்த்தபோது வெறும் அழுக்கு மாதிரி இருந்தவை இப்போது சிவந்திருந்தன.

"எனக்கு வேண்டாம் சார்" என்றாள். "அந்த வெயில்ல நிக்க எனக்கு மட்டும் இல்ல, யாருக்கும் வேண்டாம். இந்த வெளிச்சத்துக்கு என்ன கொறச்சல்? நல்லாத்தான இருக்கு?"

கோதண்டம் சன்னலுக்குப் போய் நின்றார். வெளியே ஊர் இருந்தது. தெருவெல்லாம் வெளிச்சம், மாடு கட்டும் கொட்டகையில்கூட வெளிச்சம், கரண்ட் கட்டணம் பற்றி யாரும் பேசிக் கேட்டு வருடக்கணக்காகிறது. அந்த ஊரிடம் போய், உங்கள் விளக்கு பச்சை என்றால், மூவரையும் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். அனுப்பி, அங்கே இதே விளக்கின் கீழே படுக்க வைப்பார்கள். ஒரு வருடத்தில் தானே சரியாகிவிடும்.

"மறுபடி கண்ணை மாத்திக்கிட்டா?" என்றாள் ரேணுகா.

"மாத்தினா நாம வெள்ளைம்போம், அவங்க பச்சைம்பாங்க. விடிய விடிய மாத்திக்கிட்டே இருக்கலாம்" என்றார் கோதண்டம்.

மெஹருன்னிசா தொண்டையைச் செருமினாள். "விதியில ஒரு வரி இருக்கு சார். பார்வையாளர் நாட்டில் எரியும் விளக்குக்குப் பழகியவரா இருக்கணும். இப்ப இந்த அறையில அந்தத் தகுதி இருக்கிற பார்வையாளர் ஒருத்தர்தான்."

அது யார் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. முதலில் சிரித்தவர் வடமலைதான். "அப்ப இவங்க தனியா நிக்கல. நாமதான் தள்ளி நிக்கறோம்."

"நான் இருக்கலாமா சார்?" என்றாள் ஜெசிந்தா.

"நீங்க இருக்கறீங்கம்மா. நாங்க இருக்கலாமான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் கோதண்டம்.

அவள் மூவரையும் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அவர்கள் நலமாகத்தான் இருந்தார்கள். சும்மா இருக்கிற வெளிச்சத்தைக் கண்டு பயந்து, ஒருவர் தன் உள்ளங்கையையும் ஒருத்தி தன் புடவையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறந்து கிடந்த வெயிலறையிலிருந்து ரோஜா நிற வெளிச்சம் கூடத்தில் கசிந்தது. ஒன்பது வருடம் அதற்குள்ளா நின்றோம் என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தோல் கெட்டதில் ஆச்சரியம் இல்லை. அவள் போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மூணு மணி நேரம்தான சார்" என்றாள் ஆறுதலாக. "நானும் உள்ள இருந்துதான வந்தேன். ஒண்ணும் செய்யாது. மொதல்ல கொஞ்சம் தலை வலிக்கும், பொறவு சரியாப் போவும்."

ஆறு மணிக்குள் தீர்ப்பு அனுப்ப வேண்டும். அதற்கு நேரம் இருந்தது. வடமலை தூக்கில் மிஞ்சியிருந்த சாதத்தைத் திறந்து இன்னொருமுறை பார்த்தார். பிறகு அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டார். "உள்ள கொண்டுபோய் அது கறுக்கிறதை எதுக்குப் பார்க்கணும்" என்றார். ரேணுகா வீட்டுக்குப் போன் செய்து, நேரமாகும், மாவு அரைத்து வை என்றாள். தான் கட்டியிருக்கும் சாம்பல் நிறப் புடவைக்கு ஜோடி ஒன்று பீரோவில் இருக்கிறது, அதை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்றும் சொன்னாள். ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். நாளைக்குச் சொல்ல அவளிடம் எதுவும் இருக்காது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழக்கொளி அறையின் சாவியைப் பழகிய பார்வையாளர்தான் வைத்திருக்க வேண்டும். மெஹருன்னிசா அதை ஜெசிந்தாவிடம் கொடுத்தாள். பாதியில் யாரும் வெளியே வந்துவிடாமல் இருக்க வெளியிலிருந்து பூட்டுவது வழக்கம்.

வடமலை போனார். ரேணுகா போனாள். கோதண்டம் வாசலில் நின்று திரும்பினார்.

"காலையில பச்சைன்னு சொன்னீங்களே. பார்த்துத்தானே சொன்னீங்க?"

"பார்த்துத்தான் சார் சொன்னேன்."

"அது பொய் இல்லையே?"

"பொய் இல்ல சார்" என்றாள் ஜெசிந்தா. "அப்பம் என் கண்ணு கெட்டுக் கெடந்துச்சு. இப்பம் உங்களுக்குக் கெட்டுக் கெடக்குல்லா, அதுபோல." அவளுக்கு அவர்மேல் உண்மையாகவே இரக்கமாக இருந்தது. "உள்ள போங்க சார். தூங்கிராதிய."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அவள் கதவைச் சாத்தினாள், சாவியைத் திருகினாள், கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது.